வட்டக்கானல் முதல் கும்பக்கரை வரை

கொடைக்கானலுக்குச் சென்று வந்தோம் என்போருள் பெரும்பாலோர் கண்டவை ஏரியும், பூங்காவும், தூண்பாறையும், கடைத்தெருவுமே. அவை காணத்தக்கவையே, ஆயினும் அவற்றோடு மலை முடிந்துவிடுவதில்லை. பேருந்தின் சாளரத்திற்கு வெளியே விரைந்து மறையும் காட்டினுள், நடந்து செல்வோர்க்கு மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் ஓர் உலகம் உண்டு. அவ்வுலகில் ஒரு பகல் முழுதும் நடந்து கண்டவற்றையும், அங்கே காடு கற்பித்தவற்றையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் வழியும்

பழனி மலைத்தொடர், மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கி நீண்டதொரு கிளை. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டரும், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 40 கிலோமீட்டரும் பரந்தது. அதன் உயர்ந்த சிகரங்கள் 2,500 மீட்டரைக் கடந்து நிற்கின்றன. தென்விளிம்பில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது கொடைக்கானல்.

1845ஆம் ஆண்டில் அமெரிக்க மறைபரப்பாளர்கள் அங்கே தங்கள் முதல் வீடுகளைக் கட்டியபோது மோட்டார்ச் சாலை ஏது? பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறிய நடைபாதைகளே வழி. வெள்ளையர் குதிரையிலும் நாற்காலியிலும் ஏறினர். அந்த நாற்காலிகளைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம் நாட்டு ஏழை உழைப்பாளர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அத்தகைய பழைய வழிகளுள் ஒன்று, கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்னும் சிற்றூர் வழியாகக் கும்பக்கரை அருவிக்கு இறங்குகிறது. சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையில், வனத்துறையின் இசைவு பெற்று, இரு சிறுவர் உட்பட எண்மர் அவ்வழியே நடந்தோம். வெள்ளகவியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். "பெரியவரே" என்று நாங்கள் அழைத்தோம். அவரோ சிறுவர்களை "ராசா" என்றே அழைத்தார்.

இறங்கும் வழியின் சிறப்பு யாதெனில், ஒரே பகலில் மூன்று வகைக் காடுகளைக் கண்டுவிடலாம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 400 மீட்டர் அளவில் முடிகிறது பயணம். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை கூடும். காலையில் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கியவன் மாலையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பான்.

சோலையின் உள்ளே

வட்டக்கானலை விட்டதும் சோலைக்காடு தொடங்குகிறது. மலையுச்சிப் பள்ளங்களில் நெருங்கி வளரும் இக்காடுகளை உலகெங்குமுள்ள அறிவியலார் நம் 'சோலை' என்னும் சொல்லாலேயே வழங்குகின்றனர். மரங்கள் நெடிது ஓங்குவதில்லை. காற்றின் வேகத்திற்குப் பணிந்து, குடை விரித்தாற்போல் கவிந்து நிற்கின்றன. அடிமரமெங்கும் பாசி, கிளைகளில் ஆர்க்கிட் செடிகள், இளந்தளிர்களோ பூவெனத் தோன்றும் செந்நிறம்.

சோலையின் தரை காலுக்கு மெத்தென்றிருக்கும். பல்லாண்டுகளாய் உதிர்ந்த இலைகள் மக்கிச் சேர்ந்த அம்மண், மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. மழை நின்று வாரங்கள் கடந்த பின்னும் பாம்பாறு சலசலத்து ஓடுவது அதனாலேயே. கொடைக்கானலில் பிறந்து கும்பக்கரையில் அருவியாய் வீழ்வது அந்தப் பாம்பாறுதான். அன்று எங்களோடு அதுவும் மலை இறங்கியது எனலாம்.

பெரியவர் சுட்டுவிரலை உதட்டில் வைத்தார். புதரின் அடியில் நீலமும் வெண்மையுமாய் ஒரு சிறு பறவை தத்தித் தத்தி இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. மலையாளத்தார் அதனைச் சோலைக்கிளி என்பர், கிளியினம் அன்று. இது வாழ்வது தென்னிந்தியாவின் உயர்ந்த மலைகளில் மட்டுமே. 2017ஆம் ஆண்டில் இவ்வகைப் பறவைகளுக்கெனத் தனியொரு பேரினம் வகுத்த அறிஞர்கள் அதற்கு 'ஷோலிகோலா' எனப் பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது பொருள்.

சற்று அப்பால் சிறுவர் கூட்டம் நகைப்பது போன்ற ஓசை எழுந்தது. பழனி மலையின் பெயரையே தாங்கிய சிரிப்பான் பறவைகள் அவை. வெண்புருவமும், சாம்பல் நிற மார்பும், செம்பழுப்பு வயிறும் அவற்றின் அடையாளம். இவற்றின் அறிவியற் பெயரில், இங்கே பறவைகளைத் தேடித் திரட்டிய ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மறைபரப்பாளரின் பெயர் இன்றும் நிலைத்துள்ளது.

ஆமாவின் முன்னிலையில்

சோலை முடிந்து சிறு புல்வெளி தொடங்கும் வளைவில் பெரியவர் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். இருபத்தைந்து அடி தொலைவுகூட இராது என்று முதலில் தோன்றியது. உண்மையில் அதைப்போல் நான்கு மடங்கு இருக்கும். உருவத்தின் பெருமை தொலைவை விழுங்கிவிட்டது. பாதையை மறித்துக் குறுக்காக நின்றது ஒரு காட்டு மாடு. கரும்பாறையை ஒத்த உடல். முழங்கால் வரை வெள்ளை உறை அணிந்தாற்போன்ற கால்கள். பிறைபோல் வளைந்த கொம்புகள்.

மக்கள் காட்டெருமை என வழங்கினும் இது எருமையினம் அன்று, மாட்டினமே. சங்கப் புலவர்கள் 'ஆமா' எனப் பாடியது இதனையே என்பர். காட்டு மாட்டினங்களுள் உலகிலேயே பேருருவம் படைத்த இதன் காளை, ஆயிரம் கிலோ எடையை எட்டக்கூடும். இது புல்லுண்ணி, வீணே எவரையும் நாடிச் சென்று தாக்குவதில்லை. ஆயினும் தப்பிச் செல்லும் வழி அடைபட்டதாக எண்ணினாலோ, கன்றுக்குத் தீங்கு என அஞ்சினாலோ, அதன் பாய்ச்சலுக்கு முன் மனிதன் துரும்பு.

எங்களுள் இளைஞர் ஒருவர் செல்பேசியை உயர்த்தி இரண்டடி முன்னே வைத்தார். பெரியவர் அவர் தோளைப் பற்றி நிறுத்தினார். தாழ்ந்த குரலில் அவர் கூறியவை சில சொற்களே: "தம்பி, வழி அதனுடையது. அது போகும்வரை நாம் நிற்போம். நமக்கு என்ன அவசரம்?"

நின்றோம். சிறுவர் இருவரும் பெரியவரின் வேட்டியைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி நின்றனர். ஆமா ஒருமுறை மூக்கொலி எழுப்பியது. காதுகள் முன்னும் பின்னும் அசைந்தன. நாங்கள் நான்கடி பின்வாங்கினோம். அது தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்தது. அஞ்சவில்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்றார் பெரியவர். கால் மணி நேரத்திற்கு மேல் கழிந்தபின், அது மெல்ல நடந்து சரிவில் இறங்கலாயிற்று. அப்பொழுதுதான் கண்டோம்: அதன் மறைவில், புதரோடு புதராய், செம்பழுப்பு நிறத்தில் ஓர் இளங்கன்று! தாயின் பின்னே தடுமாறி ஓடிய அக்கன்று, ஒரு கணம் திரும்பி எங்களை நோக்கிவிட்டுக் காட்டினுள் மறைந்தது.

இரண்டடி முன்னே சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் வாய்விட்டுக் கூறவில்லை. பொறுத்து நின்றமையால் உயிர் பிழைத்தோம் என்பது ஒரு பயன். பொறுத்து நின்றவர்க்கே கன்று காட்சியளித்தது என்பது அதனினும் பெரும் பயன். காட்டுயிரை அருகே சென்று காண்பது காட்சியன்று. அது இயல்பாய் இருக்க, விலகி நின்று காண்பதே காட்சி.

செருப்பணியாத ஊர்

நண்பகலில் வெள்ளகவியை அடைந்தோம். ஊர் எல்லையில் பெரியவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இவ்வூரார் ஊருக்குள் செருப்பணிவதில்லை. சின்னஞ்சிறு ஊரில் கோயில்கள் பல. ஊர் முழுவதையுமே திருத்தலமாகக் கருதுவது முன்னோர் வழக்கம். விருந்தினராய்ச் சென்ற நாங்களும் காலணிகளைக் கழற்றினோம். சமயம் வேறாயினும், ஒருவர் புனிதமெனப் போற்றுவதை மதித்து நடப்பது பண்பன்றோ?

நெடுங்காலம் சாலையே காணாத ஊர் இது. விளைந்த காப்பியும் பழங்களும் குதிரை முதுகில் ஏறிச் சென்றன. நோயுற்றோரை டோலி கட்டித் தூக்கிச் சென்றனர். நமக்கு ஒருநாள் இன்பமாகும் இந்நடை, இம்மக்களுக்கு வாழ்நாள் முழுதும் உழைப்பு. அதை மறவாமல் அவர்கள் தந்த கடுங்காப்பியை அருந்தினோம்.

வெள்ளகவிக்குக் கீழே காடு முகம் மாறுகிறது. பாசியும் ஈரமும் மறைந்து, இலையுதிர் மரங்களும் மூங்கிற் புதர்களும் தோன்றுகின்றன. மலையணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை பறப்பதுபோல் தாவியது. பாதையில் யானையின் லத்தி கிடந்தது. பெரியவர் குச்சியால் கிளறி, "காய்ந்து போச்சு ராசா, யானை கடந்து போய் ரெண்டு மூணு நாள் ஆச்சு" என்று தெளிந்த பின்னரே மேலே நடக்கவிட்டார். எழுத்தறியாத அவர் காட்டை ஏடாகப் படித்தார். மாலை சாயும் முன் கும்பக்கரையின் நீரோசை எங்களை வரவேற்றது.

நடந்து கண்ட குருக்கள்

இம்மலையைப் பொறுமையோடு நடந்து கண்டவர்களுள் நம் குருக்களும் உள்ளனர் என்பது நமக்குப் பெருமை. கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் சேசு சபையார் 1895ஆம் ஆண்டில் அமைத்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பலரும் அறிந்ததே. அங்கு வாழ்ந்த அங்லேடு அடிகளார் பழனி மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். ஃபொரோ அடிகளார், பிறர் மிதித்துச் செல்லும் பாசிகளை ஆராய்ந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராப்பினா உலர்தாவரகத்தை நிறுவிய மாத்யூ அடிகளார், இம்மலையின் தாவரங்களைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட பெருநூலை 1999இல் வெளியிட்டு, 2004இல் மறைந்தார். இவர்கள் எவரும் மலையை ஒரே நாளில் 'பார்த்துவிட்டு' வந்தவர்கள் அல்லர்.

அவர்கள் ஆராய்ந்த மலை இன்று பெரிதும் மாறியுள்ளது. பரந்த புல்வெளிகளில் சீகை மரமும், தைல மரமும், பைன் மரமும் நடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சிக்கும், நம் மாநில விலங்காகிய வரையாட்டுக்கும் புல்வெளியே வீடு. வீடு சுருங்கினால் குடியிருப்போர் எங்கே செல்வர்? ஆமாக்கள் நகரத் தெருக்களிலும் உலவுவதை இன்று காண்கிறோம். 2013ஆம் ஆண்டில் இம்மலையின் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது ஆறுதலளிக்கிறது. குறிஞ்சி 2018இல் பூத்தது. இனி 2030இல் பூக்க வேண்டும்.

நடக்க விரும்பும் குடும்பங்களுக்கு

காடு அழகியது, ஆயினும் விளையாட்டுத் திடல் அன்று. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடைப்பயணம் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்திற்குப் பின் அரசு மலைநடைக்கு விதிகள் வகுத்தது. 2024ஆம் ஆண்டில் வழிகாட்டிகளுடன் கூடிய 40 பாதைகளைத் திறந்தது. இசைவின்றிக் காட்டினுள் நுழைதல் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, தன் உயிரையும் தேடி வருவோர் உயிரையும் பணயம் வைப்பதாகும். கோடையில் புல் காய்ந்து நிற்கும். ஆகவே தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும்போது முணுமுணுத்தல் வேண்டாம்.

உள்ளூர் வழிகாட்டியின்றிச் செல்லற்க. வெளிர்பச்சை, பழுப்பு போன்ற அடங்கிய நிற ஆடைகளே தகும். நறுமணத் தைலங்களும் பாட்டுப் பெட்டியும் வீட்டில் இருக்கட்டும். மழை நாள்களில் அட்டை கடித்தால் அலற வேண்டா. குருதி உறையாதபடி அது ஒருவகை நீரைச் சுரப்பதால் சற்று நேரம் கசியும், அவ்வளவே. சிறிது உப்பு போதும், அது தானே விழுந்துவிடும். குரங்குக்கும் பறவைக்கும் உணவிடாதீர்கள். நம் அன்பு அவற்றுக்கு நோயாகவும் பிச்சைப் பழக்கமாகவும் முடியும். கொண்டு சென்ற நெகிழித்தாள் ஒவ்வொன்றையும் எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளுக்கு நிற்கக் கற்றுக்கொடுங்கள். ஓடக் கற்றுக்கொடுக்கப் பலர் உண்டு. நிற்கக் கற்றுக்கொடுக்கப் பெற்றோரே வேண்டும்.

உயர்ந்த மலைகள் வரையாடுகளின் உறைவிடம் என்னும் கருத்து 104ஆம் திருப்பாடலில் வருவதை நாம் அறிவோம். அதாவது, மலைகள் மனிதனுக்காக மட்டும் படைக்கப்பட்டவை அல்ல. வேறு உயிர்களுக்கும் அங்கே உரிமையுள்ள வீடு உண்டு. பிறர் வீட்டுக்குச் செல்பவர் வாயிலில் நின்று, அழைத்தால் நுழைந்து, அடக்கத்தோடு இருந்து, விடைபெற்று மீள்வர். மலைக்குச் செல்வோரும் அவ்வாறே சென்று மீள்வாராயின், அந்த இளங்கன்று வளர்ந்து, தன் கன்றோடு, நம் பேரப்பிள்ளைகளுக்கும் ஒருநாள் காட்சியளிக்கும்.