முதுகுச் சுமையில் ஓர் அடுப்பு

சென்ற தை மாதம் களசூபாய் மலைக்குச் செல்வதென்று முடிவு செய்தபோது, பயணத்தைக் காட்டிலும் அடுப்பே எங்களுக்குப் பெருங்கவலையாயிற்று. மகாராஷ்டிரத்திலேயே உயர்ந்த சிகரம் அது; 1,646 மீட்டர். உச்சியில் சுடச்சுடச் சிற்றுண்டி உண்ண வேண்டுமென்பது மகனின் பிடிவாதம்.

மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்போ கனமானது. எரிவாயுக் குப்பியை ரயிலில் கொண்டு செல்லலாகாது. எஞ்சியது ஸ்பிரிட் அடுப்பு. குளிர்பான டப்பாக்களை வெட்டி மகனே ஒன்று செய்தான். எடை 15 கிராம்!

"ஊதினால் பறந்துவிடுமே, இதன்மேல் பாத்திரம் நிற்குமா?" என்றாள் இல்லத்தாள்.

நியாயமான கேள்விதான். ஸ்வீடன் நாட்டு டிராஞ்சியாவின் பித்தளை அடுப்பு 110 கிராம் இருக்கும். ஆயினும் தீயை அவிக்க ஒரு மூடியும், ஆறியபின் மீந்த ஸ்பிரிட்டை உள்ளேயே அடைத்து வைக்கத் திருகுமூடியும் அதற்குண்டு. அதையே வாங்கினோம்.

மொட்டைமாடியில் உச்சிவெயிலில் சோதித்துப் பார்த்தோம். ஸ்பிரிட்டின் சுவாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென எண்ணி மகன் புட்டியைச் சாய்த்தான். இல்லத்தாள் அவன் கையைப் பற்றி இழுத்திராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ! கைம்மயிர் கருகியதோடு போயிற்று. அன்று இரவு எங்களில் எவருக்கும் உறக்கமில்லை. மூடிபோட்டு அவித்து, தொட்டுப்பார்க்கும் அளவு ஆறிய பின்னரே மறுபடி ஊற்றுவதென்று அன்று வகுத்துக்கொண்டோம்.

கனத்துக்குக் கனம் பார்த்தால், மண்ணெண்ணெய் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே ஸ்பிரிட் தரும். ஆகவே சோறும் பருப்பும் வேகவைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, ரவையை வறுத்துத் தாளிதம் சேர்த்துப் பொட்டலம் கட்டினோம். வெந்நீர் ஊற்றினால் உப்புமா.

இனி ஸ்பிரிட்டைக் கொண்டு செல்வது எப்படி? "சின்னப் புட்டிதானே அப்பா, நம்மை யார் சோதிப்பார்கள்?" என்றான் மகன். யாரும் சோதிக்க மாட்டார்கள்தாம். அதுவே எங்களை உறுத்திற்று. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அச்சட்டத்தின்கீழ் ஊதியம் பெறுபவர் வீட்டிலிருந்தே அப்புட்டி புறப்படுவதா? குடும்பத்துடன் மோட்டாரில் வரவிருந்த நண்பரிடம் ஒப்படைத்தோம்.

உச்சியில் காற்று வலுவாக வீசிற்று. பாறை மறைவில், தகரத் தடுப்புக்குள் தண்ணீர் கொதிக்கப் பன்னிரண்டு நிமிடமாயிற்று. உப்புமாவில் உப்பு சற்றுக் குறைவு, எவரும் சொல்லவில்லை.

திரும்புகையில், திருகுமூடியில் ஸ்பிரிட் வாசனை போகவில்லை என்றாள் இல்லத்தாள். அடுப்பையும் நண்பரின் வண்டியில் ஏற்றிவிட்டு, நாங்கள் கசாராவில் ரயிலேறினோம்.