முகம் பாராத விசில்



கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் கற்றவர். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், 13 விதிகளோடு அவர் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். பந்தைக் கவனிக்க ஒருவர், ஆட்டக்காரரின் நடத்தையைக் கவனிக்க ஒருவர் என இரு நடுவர்களை அந்த முதல் விதிகளிலேயே வைத்தார். மனித இருதயத்தை அவர் அறிந்திருந்தார் போலும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் சபைப் பிள்ளைகள் ஆடும் பள்ளிப் போட்டிகளைக் காண நான் செல்வதுண்டு. அங்கே நடுவராக நிற்பவர்கள் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்களே. ஒவ்வொரு விசிலுக்கும் எல்லைக்கோட்டருகே நின்று கூச்சலிடும் பயிற்சியாளர் ஒருவராவது இருப்பார். நல்ல நடுவர் அவரோடு போட்டியிட்டுக் குரலை உயர்த்துவதில்லை. ஆட்டம் நின்ற வேளையில் அருகே சென்று, கேட்ட கேள்விக்குத் தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியத்தில் விடை சொல்கிறார். வெறும் முணுமுணுப்பைக் கேளாதவர்போல் கடந்துபோகிறார். பேச்சு எல்லை மீறினால் எச்சரிக்கிறார். மீண்டும் தொடர்ந்தால், இரு கைகளையும் ‘டி’ வடிவில் சேர்த்து டெக்னிக்கல் ஃபவுல் அறிவிக்கிறார். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். தம் சொந்த நடத்தைக்காக இரண்டாம் முறையும் அதைப் பெறும் பயிற்சியாளர் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். அறிவித்த பின் நடுவர் அங்கே நின்று முறைப்பதில்லை. விலகிச் சென்று ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்.

இதில் மிகக் கடினமானது எது என்று, பல்லாண்டுகள் விசில் பிடித்த நம் மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். “அடுத்த தீர்ப்பைக் கறைபடாமல் கொடுப்பதுதான், ஐயா. கூச்சலுக்குப் பயந்து ஒரு ஃபவுலை விட்டுவிட்டால், அமைதியாக இருக்கும் மற்ற அணியிடம் திருடியவனாகிறேன். கோபத்தில் இல்லாத ஃபவுலை ஊதினால், ஒன்றுமறியாத பிள்ளைகளிடம் திருடியவனாகிறேன்” என்றார்.

அந்தச் சொல் நம் கூட்டங்களை நினைக்கச் செய்தது. சபைக் குழுவிலும் குடும்பத்திலும் உரத்துப் பேசுகிறவரின் விருப்பமே பலமுறை முடிவாகிவிடுகிறது. அதற்குச் சமாதானம் என்று பெயரிடுகிறோம். அதன் விலையைச் செலுத்துகிறவர்களோ, பின்வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் விதவையும் ஏழையும் அல்லவா? சில வேளைகளில், பேசியவர்மேல் கொண்ட எரிச்சலினால் அவர் கூறிய நியாயத்தையும் தள்ளிவிடுகிறோம். அதுவும் அநீதியே.

உபாகமம் முதலாம் அதிகாரத்தில் மோசே நியாயாதிபதிகளுக்கு இதையே கற்பிக்கிறார். எளியவருக்கும் வலியவருக்கும் ஒன்றுபோல் செவிகொடுக்கவும், எவருடைய முகத்தைக் கண்டும் அஞ்சாதிருக்கவும் பணிக்கிறார். தீர்ப்பு தேவனுக்குரியது என்பதே அவர் காட்டும் காரணம். நடுவரின் பலம் விதியில் இருப்பதுபோல, நம் பலம் கர்த்தருடைய நீதியில் இருக்கிறது. ஆகவே கத்த வேண்டியதில்லை; நடுங்கவும் வேண்டியதில்லை.

இந்த வாரம் நாம் அமரும் கூட்டத்தில், இன்னும் பேசாதிருக்கும் ஒருவரை நோக்கி, “உங்கள் எண்ணம் என்ன?” என்று கேட்போமாக. பொறுமையோடு செவிகொடுக்கவும் அச்சமின்றித் தீர்மானிக்கவும் கர்த்தர் நமக்குக் கிருபை அருள்வாராக. ஆமென்.