ரிம்முக்கு எந்தப் பூச்சு?

சென்னை ஜி.பி. ரோட்டுக்கு அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்பது, "வெள்ளை வண்டிக்கு எது எடுப்பா இருக்கும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கொஞ்சம் பிறகு கேட்கலாம். வண்டி எந்த ஊரில் நிற்கிறது, யார் எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள், பிளாட்பாரக் கல்லில் உரசினால் பக்கத்திலேயே சரிசெய்ய ஆள் உண்டா என்பதெல்லாம் தெரிந்த பின்புதான் நிறத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. ரிம்மின் மேல் இருக்கும் பூச்சுக்கு அழகு காட்டுவதைவிட, அலுமினியத்தைக் காற்றும் ஈரமும் அரிக்காமல் காப்பதுதான் முதல் வேலை.

இன்று பலரும் ஆசைப்படும் டைமண்ட் கட்டையே எடுத்துக்கொள்வோம். ரிம் முழுவதற்கும் கறுப்போ சாம்பலோ அடித்துவிட்டு, லேத்தில் ஏற்றி முகப்பை மட்டும் மெல்லிசாகச் சீவுவார்கள். சீவிய இடத்தில் தெரியும் வெறும் அலுமினியத்தின் மினுமினுப்புதான் அந்த அழகு. அதற்குக் காவலாக இருப்பது மேலே அடித்த கிளியர் கோட் ஒன்றுதான். பெயிண்ட் ரிம்மில் இருப்பதுபோல அடியில் பிரைமரும் நிறமும் கிடையாது. வெட்டிய விளிம்புகள் கூராக இருப்பதால் அங்கே அந்தக் கோட்டும் மெலிந்தே படிகிறது. கல் தெறித்தாலும், பங்க்சர் கடையில் லீவர் வழுக்கினாலும், பேலன்ஸிங் வெயிட்டை ரிம் ஓரத்தில் தட்டி மாட்டினாலும் அது விட்டுப்போகும். உள்ளே ஈரமும் உப்பும் இறங்கினால், பூச்சுக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் பரவும். உப்பிலுள்ள குளோரைடு இந்த அரிப்பைத் தூண்டுவதால், திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ நிற்கும் வண்டிக்கு இருக்கும் ஆபத்து கோவை வண்டிக்கு அவ்வளவு இல்லை. அரிப்பு வந்த பிறகு டச்சப் செய்து மறைக்கவும் முடியாது. பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி லேத்தில் சீவ வேண்டும். சீவச் சீவ உலோகம் குறைவதால் அதையும் பல தடவை செய்ய முடியாது.

"உயர்ந்த மாடலில் கம்பெனியே அதைத்தானே கொடுக்கிறது, தெரியாமலா?" என்று கேட்கலாம். தெரிந்துதான் கொடுக்கிறது. ஒரே காரில் விலை கூடியதைத் தெருவில் பார்த்த மாத்திரத்தில் பிரித்துக் காட்ட ரிம்மைவிட வசதியான இடம் ஏது? மூன்று வருடத்தில் வண்டியை மாற்றுகிறவருக்கும், மூடிய ஷெட்டில் நிறுத்துகிறவருக்கும் அது நல்ல தேர்வுதான். பத்து வருடம் ஓட்ட நினைப்பவரின் கணக்கு வேறு.

அப்படியானால் முழுக் கறுப்பு போடலாமா? கறுப்பு ரிம் சூட்டை இழுத்து பிரேக்கைக் கெடுக்கும் என்ற பேச்சில் சாரமில்லை. பெயிண்ட் எந்த நிறமானாலும் சூட்டை வெளியே விடும் திறன் ஏறக்குறைய ஒன்றுதான். பிரேக்கைக் குளிர்விப்பதில் பெரும்பங்கு காற்றோட்டத்துக்கே. கறுப்பின் குறைகள் வேறு. போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்புத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். டயரும் ரிம்மும் ஒன்றாகக் கலந்து சக்கரமே சிறுத்துவிட்டதுபோல் தோன்றும். ஸ்போக் வடிவத்துக்காகக் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியாமல் போகும். குரோம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முலாம் உரியத் தொடங்கினால் அந்த விளிம்பு துடைக்கும் கையைக் கிழிக்கும்.

மிஞ்சுவது சாதாரண பெயிண்ட் அடித்த சில்வரும், கன்மெட்டல் எனும் அடர்சாம்பலும். சப்பென்று இருக்கும் என்பார்கள். ஆனால் 1924இல் வந்த புகாட்டி டைப் 35இன் நீல உடலுக்கு வாய்த்தவை சாம்பல் நிற வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள். இன்றும் அழகான கார்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. 1995இல் காலின் மெக்ரேயை உலக ராலி சாம்பியனாக்கிய நீல சுபாரு இம்ப்ரெசாவுக்குத் தங்க நிற ரிம். இரண்டிலும் கண்ணை நிறுத்துவது உடலும் சக்கரமும் ஒன்றுக்கொன்று எடுத்துக்கொடுக்கும் பொருத்தம்தான். பளபளப்புக்கு அதில் பங்கு குறைவு. வெள்ளை வண்டிக்கு அந்தப் பொருத்தத்தைக் கன்மெட்டல் தரும். டிஸ்க் பிரேக் உள்ள முன்சக்கரங்களில் படியும் இரும்புத் தூசியையும் அந்த நிறம் ஓரளவு மறைத்துவிடும். கறுப்பு, அடர்நீல வண்டிகளுக்கு சில்வரே போதும். உரசினாலும் உள்ளூர் பெயிண்டரே சரிசெய்துவிடுவார்.

பழைய ரிம்முக்கு பவுடர் கோட்டிங் செய்வதானால், அடுப்பு வழக்கமான 180 முதல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சூடு மீறினால் அலாயின் பலம் குறையும். நட்டு உட்காரும் குழியிலும் ஹப்பில் பொருந்தும் முகத்திலும் பூச்சு படியாதபடி மறைக்கச் சொல்லுங்கள். மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிய பின் நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை கட்டாயம் பாருங்கள்.