நாற்றும் நடவும்

இஸ்தான்புல் நகரத்துச் சுல்தான்அகமது சதுக்கத்தில் அடியெடுத்து வைத்த முதல் நாளே, மசூதிக் கோபுரங்களைவிட என் கண்ணை அதிகம் பற்றியிழுத்தவர்கள், நெற்றியில் கறுப்புப் பட்டியும், மழித்த தலையெங்கும் செம்புள்ளிகளுமாக உலவிய ஆடவர்கள்தாம். பல தேசங்களிலிருந்தும் கேசம் நட்டுக்கொள்வதற்கென்றே வருபவர்கள் அவர்கள் என்றறிந்தபோது, பழனியில் முடியிறக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு, அது வெறும் அலங்காரப் பித்து என்ற அருவருப்பே உண்டாயிற்று.

அன்றிரவு ஒரு சிறு விடுதியில், எலுமிச்சை பிழிந்த பருப்புச் சூப்பை நான் பருகிக்கொண்டிருக்கையில், எதிரே அதே கறுப்புப் பட்டியோடு இருந்த மனிதர் கழுத்தை வளைக்காமல் கிண்ணத்தையே வாய்க்குத் தூக்கிக் குடித்தார். எழுந்தபோது அவருடைய பூட்ஸ் நாடா அவிழ்ந்திருந்தது. குனியக்கூடாதென்பது வைத்திய உத்தரவு. ஆகவே நான் குனிந்து கட்டினேன்.

அவர் போர்ச்சுகல் தேசத்துப் போர்ட்டோவில் முடிதிருத்துபவர்!

"என்னிடம் வருகிறவர் கண்ணாடியில் தம் தலையைப் பார்க்கும்போது, பின்னால் நிற்கும் என் தலையையும் பார்க்கிறார்" என்றார்.

என் அருவருப்பு அங்கேயே கரைந்தது. மறுபடி வளருமென்ற நிச்சயத்தோடு முடியைக் கொடுத்த நான், வளராதென்ற நிச்சயத்தோடு ஒவ்வொரு நாளும் கண்ணாடிமுன் நின்றவரைப் பழித்திருக்கிறேன்.

நெற்றிக்கோட்டை வரைந்ததோடு வைத்தியர் போய்விட, எஞ்சிய எட்டு மணி நேரமும் உதவியாளர்களே வேலை செய்தார்களாம். அதைக் கேட்டு எனக்கு மனம் பதறியது. பின்னந்தலையில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகிய துளைகளிட்டு, வேரோடு எடுத்த முடிகளை முன்னே நட்டிருந்தார்கள். இடம் மாறினாலும் பிறந்த இடத்தின் உதிராத குணத்தை அம்முடி இழப்பதில்லை என்பதை, 1952இல் நியூயார்க்கில் இச்சிகிச்சையைச் செய்த நார்மன் ஓரென்ட்ரைக் என்ற வைத்தியர் 1959இல் எழுதி நிலைநாட்டினார்.

ஆனால் நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துபோய், வேர் மட்டும் உள்ளே தங்கி, மூன்று நான்கு மாதங்கள் சென்றபின்பே துளிர்க்கும். அந்த இடைக்காலத்தை நினைத்தே போர்ட்டோக்காரர் அஞ்சினார். எங்கள் வயல்களில், நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் முதலில் வெளிறித் துவண்டுதான் நிற்கும், பிறகே பச்சை பிடிக்கும் என்றேன்.

"பச்சை பிடிக்கும்" என்ற சொற்களை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எத்தனை நாளில் என்று கேட்டார். பத்து நாளில் என்றேன். மற்றொரு பூட்ஸின் நாடாவையும் சற்று இறுக்கிவிடச் சொல்லி, காலை என் பக்கமாக நீட்டினார்.