பிழைச்செய்தியை வாசித்தல்

"இந்த வட்டில் விண்டோஸை நிறுவ இயலாது. இதில் எம்.பி.ஆர். பகுப்பு அட்டவணை உள்ளது. இ.எஃப்.ஐ. கணினிகளில் ஜி.பி.டி. வட்டுகளில் மட்டுமே நிறுவ முடியும்." புதிய இயங்குதளம் ஏற்ற முனைவோர் பலர் கண்டு திகைக்கிற செய்தி இது. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கித் தந்திருக்கிறோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 2019-இல் வாங்கிய எங்கள் வீட்டுக் கணினி பதினொன்றாம் பதிப்பைத் தாங்கும் என்று தெரிந்து முயன்றோம். அப்பதிப்புக்கு யு.ஈ.எஃப்.ஐ. முறை தேவை, பயாஸில் அதற்கு மாற்றியதும் இச்செய்தி எதிர்ப்பட்டது. கணினி புதியது, வன்தட்டோ அதற்கு முந்தைய கணினியிலிருந்து வந்தது.

தெருமுனைக் கணினிக் கடைத் தம்பி வந்து பார்த்தார். "க்ளீன் அடிச்சிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும் சார்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்தக் கட்டளை வட்டிலுள்ள எல்லாப் பகுப்புகளையும் நீக்கிவிடும். அவற்றுள் ஒன்றில், அப்பத்தா பாடக் கேட்டு 2004-இல் நாங்கள் தட்டச்சு செய்த நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும் இருந்தன. எழுதிய நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. அன்று எடுத்து வைத்த குறுந்தகட்டை இன்று எந்தக் கணினியும் படிப்பதில்லை. அப்பத்தாவும் இல்லை.

ஆகவே செய்தியை மறுபடி வாசித்தோம். சுவடி பதிப்பிப்போர் ஐயமான இடத்தில் எழுத்தெழுத்தாக நிற்பார்களே, அதுபோல. அது வட்டு கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. கோப்புகளைப் பற்றியும் பேசவில்லை. அதன் முறையீடு முழுவதும் அட்டவணையைப் பற்றியது. எம்.பி.ஆர். என்பது வட்டின் முதல் 512 பைட்டுகளில் அமைவது. எந்தப் பகுப்பு எங்கே தொடங்குகிறது என்னும் குறிப்பு அதில் வெறும் 64 பைட்டுகள். நான்கு பதிவுகளுக்குத்தான் இடம். நூலுக்குப் பொருளடக்கம் போன்றது. பின்னால் வந்த ஜி.பி.டி. அதனினும் விரிவான பொருளடக்கம். விண்டோஸில் 128 பகுப்புகள் வரை கொள்ளும். பொருளடக்கம் பழைய முறையில் இருப்பதற்காக நூலையே எரிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்று தெரிந்தது. பயாஸில் பழைய முறைக்கே திரும்பினோம்; பத்தாம் பதிப்பு வழக்கம்போல் எழுந்து வந்தது. முதல் வேலையாகப் பாட்டுக் கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்தோம். பிறகு நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, ஷிஃப்ட், எஃப்10 விசைகளை அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்தோம். எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்றொரு கருவி 2017 முதல் விண்டோஸிலேயே உண்டு. கோப்புகளை அழிக்காமல் அட்டவணையை மட்டும் மாற்றுவது அதன் பணி. மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பகுப்புகள் இருந்தாலோ, நீட்டிப்புப் பகுப்பு இருந்தாலோ அது மறுத்துவிடும். முதலில் 'வேலிடேட்' என்று சோதிக்கச் சொன்னோம், தடையில்லை என்றது. அதன் பின்னரே 'கன்வெர்ட்' என்றோம். சில நிமிடங்களில் முடிந்தது. பயாஸை மீண்டும் யு.ஈ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றினோம். பழைய விண்டோஸ் அந்த முறையிலும் எழுந்தது. அதற்குள்ளிருந்தே பதினொன்றாம் பதிப்பை ஏற்றினோம்.

கோப்புகளைத் திறந்தால் கொம்பும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தன. இதற்கு நாங்கள் அஞ்சவில்லை. அவை ஒருங்குறி பரவுமுன் வழங்கிய திஸ்கிக் குறியாக்கத்தில் அமைந்தவை; மாற்றியில் இட்டதும் தமிழாயின. இப்போது ஒருங்குறியில் ஒரு படி வீட்டிலும், ஒரு படி தம்பி வீட்டிலும் இருக்கின்றன.

நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். பழைய கணினிகளில் இப்படி எத்தனையோ வீட்டுப் பாட்டுகள், கடிதங்கள், அச்சேறாத ஆய்வேடுகள் கிடக்கின்றன. அழித்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால், பிழைச்செய்தியை இன்னொரு முறை வாசியுங்கள். அது எதைக் குறை சொல்கிறது என்பதை அறிந்த பிறகு விசையில் கைவைக்கலாம்.