சொல்லக்கூடிய வேட்டை

ஜூலை 7, 2020

நேற்றுக் காலை ஆறு மணி முதல் திருவனந்தபுரம் நகரத்துக்கு டிரிப்பிள் லாக்டவுன். சாலைக் கம்போளம் முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஆரியசாலை முக்கில் சுமட்டுக்காரர்களின் குரல் இல்லை. நாள் கிழமை மறந்துபோகாமலிருக்க எதையாவது எழுதிவைக்க வேண்டும். ஊரைப் பற்றி எழுதினால் பயம்தான் எழுத்தில் ஏறும். ஆகவே மலையைப் பற்றி. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இலங்கை மலைநகரான நுவரெலியாவில் குடியிருந்த காலத்து வேட்டைகளைச் சொல்லி 1850களில் ஒரு புத்தகம் போட்டார். அதில் ‘எல்க்’ வேட்டை நிறைய.

ஜூலை 9

பேக்கரின் எல்க், எல்க்கே அல்ல. ஐரோப்பாவில் அந்தப் பெயர் வடக்குக் குளிர்காடுகளின் நீள மூஞ்சி மானுக்கு உரியது. அமெரிக்காவுக்குப் போனவர்கள் அதை வாபிட்டி என்னும் வேறொரு மானுக்குக் கொடுத்தார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் நம் மிளாவின் கழுத்தில் மாட்டினார்கள். நாஞ்சில் நாட்டில் மிளா, மலையாளத்தில் ம்லாவு, தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களில் கடமான், ஈழத்தில் மரை என்று அதற்கு ஏற்கெனவே பெயருக்குப் பஞ்சமில்லை. நெல்லிக்காய் தின்னும் மரை சங்கப் பாட்டிலேயே மேய்கிறது. இத்தனை இருந்தும் ஊர்ப் பெயர் ஒட்டாமல் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பேக்கர் தனியாளாக வரவில்லை. அவரும் சகோதரர் ஜானும் 1843இல் ஒரே நாளில் அக்காள் தங்கை இருவரை மணந்தவர்கள். 1848இல் குடும்பம், பண்ணையாட்கள், மாடுகள், வேட்டைநாய்கள் என்று ஒரு கிராமத்தையே கப்பலேற்றி ஆறாயிரம் அடி உயரத்தில் இறக்கினார்கள். இன்னொரு சகோதரர் வாலண்டைனும் வந்து சேர்ந்தார். அந்தக் குடும்பம் கண்ட மலை, விட்டுவந்த மலையின் மறுபதிப்பாக இருக்க வேண்டியிருந்தது. மரையைத் துரத்தினேன் என்று சொன்னால் இங்கிலாந்தில் இருக்கும் மாமனுக்கு என்ன புரியும்? எல்க் என்றால் உடனே புரியும். கொல்வது ஒரு நிமிஷ வேலை. வேட்டையில் மற்றதெல்லாம் சொல்வதுதான், பெயரைக்கூடக் கேட்பவனுக்காகவே வைக்கிறார்கள்.

ஜூலை 10

எழுதத் தெரிந்த ஆள் பேக்கர். அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 19

துரத்தப்பட்ட மிளா மூச்சு முட்டும்போது தண்ணீரைத் தேடிப் போகும். ஓடையில் நெஞ்சளவு ஆழத்தில், முதுகைப் பாறைக்குக் கொடுத்து நின்றுவிடும். நாய்க்கு அங்கே காலூன்ற இடமில்லை, நீந்தத்தான் வேண்டும். மிளாவுக்கு நிலம் எட்டும். முன்னங்காலால் ஓர் உதை, நாய் உள்ளே போய்விடும். இருநூறு கிலோவைத் தாண்டும் ஆண் மிளா கொம்பைத் தாழ்த்தி நிற்கிற அந்த இடத்தில் பேக்கர் கத்தியோடு தண்ணீரில் இறங்குகிறார். தோள்பட்டைக்குப் பின்னால் குத்து. தூரத்திலிருந்து சுடுவதைவிட இது மேலான விளையாட்டு என்பது அவர் கட்சி. இன்றும் வேட்டைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: இருவருக்கும் சமவாய்ப்பு, ஆகவே இதில் கேவலம் இல்லை என்கிறார்கள். வாதம் பொய்யில்லை, கணக்கு முழுசாக இல்லை, அவ்வளவுதான். சமவாய்ப்பை மனிதனுக்கும் மிருகத்துக்கும் இடையில் மட்டும் அளக்கிறார்கள். வழி வெட்டியவன், கூடாரம் சுமந்தவன், செத்ததைக் கட்டித் தூக்கியவன் எந்தத் தட்டிலும் இல்லை. நாய்களுக்குக் கில்பக், ஸ்மட் என்று பெயர், குணம், மரணம் எல்லாம் உண்டு. சுமந்தவர்கள் பெரும்பாலும் ‘கூலிகள்’ என்ற பன்மையோடு சரி. அந்தக் காலத்து வழக்கம் அது, நூற்றெழுபது வருஷம் கழித்து ஒரு மனிதரை இதற்காகக் குறை சொல்வது எளிது என்று கேட்கலாம். எளிதுதான். பேக்கரைக் கூண்டில் ஏற்றுவது நோக்கமும் இல்லை. ஆனால் வழக்கம் என்று ஒன்று இருந்தது என்பதுதானே இங்கே சாட்சியம்? அதே பத்தாண்டுகளில் சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து, ஆயிரக்கணக்கான தமிழர்கள் காப்பித் தோட்டங்களுக்கு அதே மலைகளில் ஏறினார்கள். குடும்பமாகவும் ஏறினார்கள். மறக்க முடியாத மலைப்பயணம் என்றால் அதைவிட வேறு எது? அதற்குப் புத்தகம் போட ஆள் இல்லை.

ஆகஸ்ட் 2

வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் இந்திய அறிக்கை ஜூனில் வந்தது. ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரங்களில் செய்தியில் வந்த கள்ளவேட்டைச் சம்பவங்கள் 35. ஊரடங்கின் ஆறு வாரங்களில் 88. பெரும்பாலும் இறைச்சிக்கு. இந்தச் செய்திகளோடு வரும் புகைப்படம் எப்போதும் ஒன்றுபோல இருக்கும்: முன்னால் இறைச்சி அல்லது கொம்பு, பின்னால் பிடிபட்டவர்கள், அவர்களுக்கும் பின்னால் காக்கி உடுப்பு. பழைய பங்களாக்களில் தொங்கும் படமும் இதே அடுக்குதான்: முன்னால் மிளா, பின்னால் துரை, துரைசானி, குழந்தைகள், ஓரத்தில் தலைப்பாகையோடு யாரோ. ஒன்றில் முகம் கேமராவைப் பார்க்கிறது, மற்றதில் கவிழ்ந்திருக்கிறது. கொடுமையின் அளவை வைத்தோ செத்த மிருகத்தின் எண்ணிக்கையை வைத்தோ இரண்டையும் பிரிக்க முடியவில்லை. ஒன்றை வாய்விட்டுச் சொல்லலாம், ஃபிரேம் போடலாம், பேரனுக்குக் காட்டலாம். மற்றது சொன்ன மாத்திரத்தில் வாக்குமூலம். வேட்டை விளையாட்டு என்றும் கள்ளவேட்டை என்றும் நாம் பிரிப்பது இந்தக் கோட்டில்தான் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 3

கொம்பு பொய் சொல்லாது. தானாக உதிர்ந்ததென்றால் அடிப்பாகம் சொரசொரப்பாக, லேசாகக் குவிந்திருக்கும். இரண்டு கொம்பும் மண்டையோட்டுத் துண்டோடு ஒன்றாக இருந்தால், அந்த மான் செத்த பிறகே சுவருக்கு வந்தது.

ஆகஸ்ட் 23

நேற்று முன்தினம் எழுதிக் கிழித்ததை மறுபடி எழுதுகிறேன், எதிர்க்கட்சிக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பதால். பசியால் வேட்டையாடுகிறவனை ஏழையாகவே வரைவது ஒரு ஏமாற்று. ஜீப்பில் வந்து, ஹெட்லைட் போட்டு, கிலோ கணக்கில் விற்கிறவனும் அந்த 88க்குள் இருக்கிறான். மிளா 2008 முதல் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்புள்ளது’ என்ற வரிசையில் இருக்கிறது. ஆகவே வேட்டையைத் திறந்துவிடு என்பது என் வாதம் ஆக முடியாது. அடுத்தது இன்னும் கனமானது. வேட்டைக்காரர்கள்தான் காட்டைக் காத்தார்கள் என்கிறார்கள். நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கம் உண்டானது. 1879இல் சட்டம் வந்தது. லைசென்ஸும் சுடக்கூடாத மாதங்களும் வந்தன. மூணாறில் தோட்டத் துரைமார் தொடங்கிய சங்கம் பல பத்தாண்டுகள் காவல் காத்ததால்தான் வரையாடு அங்கே மிஞ்சியது. அந்த மலை 1975இல் சரணாலயமாகி, 1978இல் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆனது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. பொதுவாய்க் கிடந்திருந்தால் அந்தப் புல்வெளியும் தேயிலையாகியிருக்கும். ஆனால் சுற்றிலும் தேயிலையாக்கியவர்களும் அவர்களேதான் என்பதைச் சேர்த்துச் சொன்னால் பாராட்டு கொஞ்சம் தன்னால் இறங்கும். அங்கே காவல் நின்றவர்கள், தடம் பார்த்துச் சொன்னவர்கள் முதுவர் பழங்குடியினர். எந்த மேட்டில் எந்தக் காற்றுக்கு ஆடு எங்கே ஒதுங்கும் என்பது சங்கத்தின் ஆபீஸ் பைலில் இருந்த அறிவு அல்ல. காத்ததன் புகழில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பதில் மறுபடி அந்தப் பழைய படத்தின் ஓரத்துத் தலைப்பாகையில் போய் நிற்கிறது.

செப்டம்பர் 12

நான் மனதால் உணர்ந்து சொல்வதைச் சட்டம் எழுத்தாகவே வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியபோது, புலித்தோல் போன்றவற்றை வைத்திருந்த வீடுகள் அதைத் தெரிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வழி வைத்தது. தவறவிட்டவர்களுக்காக 2003இல் மேலும் 180 நாள் தவணை. தாத்தாவின் வேட்டையை நினைவாக வைத்துக்கொள்ள அரசு முத்திரையோடு ஒரு காகிதம்! மூன்றே வருஷத்தில், 2006இல், வன உரிமைச் சட்டம் வந்தது. தேன், கிழங்கு, மேய்ச்சல், மூங்கில், பாரம்பரிய அறிவு வரை எல்லாவற்றையும் பழங்குடிகளின் உரிமையாக ஒப்புக்கொண்ட அந்தச் சட்டம், பாரம்பரிய வேட்டையுரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டும் 1972 சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. மிருகத்தைக் காக்க இரண்டுமே தேவை என்று வாதிடலாம், நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனாலும் அகத்தியமலை அடிவாரத்துக் காணிக்காரப் பழங்குடியர் ஒருவருக்கு, அவருடைய தாத்தா போன வேட்டை என்பது எந்தக் காகிதத்தில் இருக்கிறது? இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும்வரை கோபம் வரவில்லை. இப்போது வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 13

கோபம் போய்விட்டது. மழை.

அக்டோபர் 16

நவராத்திரி விக்கிரகங்கள் பத்மநாபபுரத்திலிருந்து வருகிற நாள். யானை இல்லை, கூட்டம் இல்லை, இந்த வருஷம் பல்லக்குதான். வேளிமலைக் குமாரசுவாமி வழக்கம்போல ஆரியசாலைக் கோயிலில்.

அக்டோபர் 26

விஜயதசமி. வழக்கமான வருஷங்களில் குமாரசுவாமி இன்று வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குப் பள்ளிவேட்டைக்குப் போவார். கோட்டைக்குள் பத்மநாபசுவாமிக்கும் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களில் வேட்டை உண்டு: மேளமில்லாத ஊர்வலம், அரச குடும்பத்து ஆண்கள் வாளோடு கூடவே, மூத்தவர் வில்லை வளைத்து ஓர் இளநீரின் மேல் அம்பு விடுவார். அதன் பிறகே சங்கு ஊதும். குடும்பம் இருக்கிறது, அடக்கிய மூச்சு இருக்கிறது, திரும்பி வந்து சொல்லவும் இருக்கிறது. மிளா மட்டும் இல்லை. சொல்வதே வேட்டை என்று ஜூலையில் எழுதினேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று காலையில் நினைத்தேன். மாலைக்குள் சந்தேகம் வந்துவிட்டது. இளநீர் யாரையும் காப்பாற்றவில்லை. அது உடைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் காட்டில் துப்பாக்கிகளும் வெடித்தன. பெரியாற்றங்கரையில் வேட்டை வார்டன் வைத்து, 1934இல் சரணாலயம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு வெடித்தன. தவிர, குமாரசுவாமியின் மனைவி வேளிமலை வள்ளி வேடன் மகள். அந்த வீட்டு மருமகன் ஊரறிய வேட்டைக்குப் போகிறார், சரி. மாமனார் வீட்டார் போனால்?