எதிர்த்துப் பேச முடியாதவளிடம்

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்களிடம் நான் கத்தியிருக்கிறேன். பல தடவை. அலுவலகத்தில் அதிர்ந்து பேசாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்த கவுண்டர் முன்னால் மட்டும் என் குரல் ஏறிவிடும்.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பி வழியும். இருக்கும் கவுண்டர்களில் பாதியில் ஆளிருக்காது. தக்காளிக்கு எடை ஸ்டிக்கர் ஒட்ட மறந்தால் வரிசையை விட்டுவிட்டுக் கடைக்கோடிக்கு ஓட வேண்டும். பில்லுக்கு முன்னால் போன் நம்பர் கேட்பார்கள். நம்பர் தந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்கு அறிவுறுத்தியும் அது நிற்கவில்லை. மீதி சில்லறைக்கு சாக்லேட். பிஸ்கட் பாக்கெட் அதே விலைதான், உள்ளே கிராம் குறைந்திருக்கும்.

ஒருநாள் பிரச்சினை உளுத்தம்பருப்பு. அலமாரி அட்டையில் 129 ரூபாய், பில்லில் 148. "அங்க ஒரு ரேட்டு, இங்க ஒரு ரேட்டா? ஊரை ஏமாத்துறீங்களா?" என்றேன். வரிசையே எட்டிப் பார்த்தது. "ஆஃபர் நேத்தோட முடிஞ்சிடுச்சு சார், அட்டைய எடுக்கல" என்றாள் அந்தப் பெண். இருபது வயது இருக்கும். பில்லில் ஏறியதை அவளால் நீக்க முடியாது, சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். அவர் வரும்வரை ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி, குதிகாலை மறு காலின் மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றினாள். காலையிலிருந்து நிற்கிறவள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். "ஒண்ணுமில்ல சார், ரேட்டு கொஞ்சம் பாருங்க" என்றேன், தணிந்த குரலில்.

அந்தக் குரல் மாற்றம் என்னை இன்னும் உறுத்துகிறது. விலை அட்டையை மாற்றுவதும், எத்தனை கவுண்டர் திறப்பது என்பதும் அவள் கையில் இல்லை. இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 எனக்குத் தெரியும், கூப்பிட்டதில்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம் என்பதும் தெரியும், செய்ததில்லை. அதற்கெல்லாம் பொறுமையும் துணிச்சலும் வேண்டும். அவளிடம் கத்த அவை தேவையில்லை. பதிலுக்குப் பேசினால் அவள் வேலை போகும். அது தெரிந்துதான் கத்தினேன். இத்தனை காலம் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருந்தேன்; அது கோழைத்தனம்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. நாளெல்லாம் நின்று வேலை பார்த்த பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கிய உரிமை அது. தமிழ்நாடும் இதற்காக 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, நல்ல காரியம் என்று மனைவியிடம் சொன்னவன் நான். ஸ்டூல் இல்லாததைக் கண்ணால் பார்த்த அன்றோ, 19 ரூபாய்க்காக மட்டும் வாயைத் திறந்தேன்.

அந்தப் பெண்ணிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு போனபோதெல்லாம் வேறு கவுண்டரில் நின்று திரும்பிவிட்டேன். அதுவும் என் குற்றக்கணக்கில்தான் சேரும்.

நீங்களும் அந்த வரிசையில் நிற்பவர்தான். விலை தவறென்றால் விட்டுக்கொடுக்க வேண்டாம். மேலாளரைக் கூப்பிடுங்கள், 1915-க்குச் சொல்லுங்கள். அப்படியே, பில் போடுகிறவருக்கு நாற்காலி எங்கே என்றும் அந்த மேலாளரிடம் கேளுங்கள்.